கேரவனுக்கு எர்த் போட்ட கதை

1

அடிலெய்டில் நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில். நோயாளியின் உடம்பைத் தொடுகிற எதுவும், கட்டிலோ மருந்து ஏற்றும் பம்போ, எங்கள் மேசைக்கு வந்து சோதனை முடிந்து ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் வார்டுக்குத் திரும்பும். கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனைகளில் ஒன்று.

போன வாரம் ஒரு கட்டில் அதில் தேறவில்லை. மீட்டர் கத்தியது. அது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அன்றைக்குக் கட்டில் கம்பியில் வைத்திருந்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி, ஷாக் அடித்ததா என்று கேட்டாள். எனக்கில்லை என்றேன். பின்னே யாருக்கு என்றாள். என் மகளுக்கு, ஊரில், என்று ஆரம்பித்துவிட்டு, அதற்கு மேல் ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். அண்ணன், பங்கு, கொல்லை, அண்ணியின் இருமல் வரைக்கும் சொன்னால்தான் அந்த ஷாக் என்னவென்று புரியும். மரிசெலுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பைபாஸை விட்டு உள்ளே போகிற ஊர். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர். அண்ணன் குணசேகரன் அங்கேயே பயிர் வைக்கிறான். நான் வசந்தி. திண்டிவனத்தில் டிப்ளமா படித்து, சென்னையில் வேலை பார்த்து, பாஸ்கரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள். எங்களுக்கு ஒரே மகள், இனியா. பத்தாவது படிக்கிறாள். தமிழில் சொன்னால் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

அப்பா போன மறு வருஷம் நிலத்தில் என் பங்கைக் கேட்டேன். பாஸ்கர் தூண்டிவிட்டுக் கேட்டதாக ஊரில் பேச்சு. உண்மையில் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்குத்தான் வேண்டியிருந்தது. ஊரில் என் பேரில் கொஞ்சம் மண் இருந்தால், எப்போது போனாலும் விருந்தாளியாகப் போகவேண்டியதில்லை என்று நினைத்தேன். வாயால் கேட்க நாக்கு எழவில்லை. வாட்ஸப்பில் எழுதினேன். 'அண்ணா, அப்பா நெலத்துல எனக்குள்ளதப் பிரிச்சிக் குடுத்துடு. அவசரம் ஒண்ணும் இல்ல.' டிக் இரண்டும் நீலமாயின. பதில் வரவில்லை. அதற்குப் பிறகும் அண்ணன் போன் பண்ணினான். மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று எல்லாம் பேசினான். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்த லீவு நெருங்கியது. பங்கு கேட்டுவிட்டு அவன் வீட்டில் உட்கார்ந்து அண்ணி கையால் சோறு வாங்கித் தின்பது எப்படி? விழுப்புரத்தில் லாட்ஜ் எடுத்தால், அண்ணன் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்கினாள் என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அப்போதுதான் கேரவன் நினைப்பு வந்தது. இங்கே தெருவுக்கு நாலு வீட்டு வாசலில் கேரவன் நிற்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் அதையும் செய்கிறார்கள் என்று தெரிந்தது. வீடியோவிலேயே பார்த்துப் பார்த்து ஆர்டர் கொடுத்தேன். இரண்டு கட்டில், சமையல் மேடை, குளியலறை, ஏ.சி. எங்கள் பக்கம் கொல்லை என்று சொல்கிற அப்பாவின் நிலத்திலேயே கொண்டுபோய் நிறுத்திக்கொள்வது, வருஷா வருஷம் போய்த் தங்குவது, நடுவில் ராமேஸ்வரம் வரை ஒரு சுற்று சுற்றுவது என்று திட்டம். நீண்ட நாள் வேலை பார்த்தவர்களுக்குத் தருகிற லீவை எடுத்தேன். இனியாவின் பள்ளியில் விடுமுறையோடு இன்னும் சில வாரம் சேர்த்துக் கேட்டு வாங்கினேன்.

அண்ணி மல்லிகாவுக்குப் போன் பண்ணி, டிரெய்லர் வாங்குகிறேன் என்று சொன்னேன். கரும்பு ஏத்தவா என்று கேட்டாள். எங்கள் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவதுதான். கேரவன் என்று திருத்தினேன். அது சினிமாக்காரர்கள் மேக்கப் போடுகிற வண்டி ஆயிற்றே என்றாள். நானும் இனியாவும் தங்கத்தான் என்றேன்.

"அப்ப வூட்டுக்கு வரமாட்டியா?" என்று அண்ணி கேட்டாள். கேட்டுவிட்டு இருமினாள். அவளுக்குச் சங்கடம் வந்தால் இருமல் வரும். கூடவே இன்னொரு ஆளும் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

3

புரட்டாசிக் கடைசியில் கேரவன் வந்தது. பட்டறை ஜீப் ஒன்று விழுப்புரம் வழியாக அதை இழுத்துக்கொண்டு வந்தது. பைபாஸ் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஊருக்குள் திரும்பியதும் ஷூட்டிங் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. யார் நடிக்கிறது என்று என்னிடமே கேட்டார்கள்.

கொல்லைக்குள் இறங்க ஒரு வாய்க்காலைத் தாண்டவேண்டும். அதன் மேல் குழாய் போட்டு மண் கொட்டிய பாலம். ஜீப் ஏறிவிட்டது. கேரவனின் ஒரு சக்கரம் பாலத்தின் விளிம்பில் மண்ணை அரித்துக்கொண்டு இறங்கியது. புத்தம் புது வண்டி, வெள்ளை வெளேரென்று, வாய்க்கால் பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே தட்டுகள் சரிந்து விழுகிற சத்தம். ஜீப் டிரைவர் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். இனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக் கொள்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

நான் அண்ணனைக் கூப்பிடவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். டிராக்டரோடு வந்தான். என்னைப் பார்த்து "வந்துட்டியா" என்றான். இனியாவின் தலையைத் தொட்டான். பிறகு வேலையில் இறங்கிவிட்டான். கேரவனின் கொக்கி டிராக்டரில் பொருந்தவில்லை. ஜீப்பில் இருந்த, கொக்கி உட்காருகிற இரும்புக் குண்டைக் கழற்றி டிராக்டரில் போல்ட் போட்டு மாட்டினார்கள். சரிந்த சக்கரத்துக்கு அடியில் பனங்கட்டையைக் கொடுத்தார்கள். அண்ணன் கியரைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். கேரவன் ஒரு தடவை இன்னும் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது கொல்லைக்குள் நிமிர்ந்து நின்றது.

ரோட்டோரமாக, வேர்க்கடலை, எங்கள் ஊரில் மல்லாட்டை, பிடுங்கி வெறுமையாகக் கிடந்த இடத்தில், புங்க மரத்து நிழலில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறாயா என்று நான் கேட்பதற்குள் வாய்க்காலைத் தாண்டிவிட்டான்.

4

புது வண்டிக்குப் புதுத் தொல்லைகள். மேல்நாட்டிலும் கேரவன் வாங்கியவர்கள் இதைத்தான் சொல்வார்கள், முதல் மாதம் ஸ்குரூ டிரைவரும் கையுமாக இருக்கவேண்டும் என்று.

முதலில் தண்ணீர் பம்ப். குழாயை மூடினால் அதுவாக நிற்கவேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. கட்டிலுக்கு அடியில் டியூப் சேருமிடத்தில் கிளிப்பை இறுக்காமல் விட்டிருந்தார்கள். மெத்தை நனைந்து போனது. விக்கிரவாண்டி ஹார்டுவேர் கடையில் கிளிப் வாங்கிவந்து மாட்டினேன். அடுத்தது கதவு. வண்டி ஒரு பக்கம் மண்ணில் இறங்கியதால் சட்டம் கோணி, கதவு பூட்டிக்கொள்ள மறுத்தது. முட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து மட்டம் பார்த்தேன். கூரை ஜன்னலின் ரப்பர் ஓர் ஓரத்தில் வெளியே வந்திருந்தது. ஏணி வைத்து ஏறி அதையும் ஒட்டினேன். எனக்குக் கைவேலை பழக்கம்தான். ஆனால் அண்ணன் தினமும் காலையில் வரப்பு மேல் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். கிட்டே வரமாட்டான். பால் சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போவான். அவன் பார்க்கிறான் என்பதாலேயே ஸ்பானர் என் கையில் வழுக்கும்.

கரண்டுக்கு நான் முறையாக எழுதிக் கொடுத்து, தற்காலிக இணைப்பு வாங்கியிருந்தேன். ரோட்டோரக் கம்பத்தில் மீட்டர் வைத்துக் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது, பிரிட்ஜ் ஓடியது. ஏ.சி.யைப் போட்டால் மட்டும் டிரிப்பர் விழுந்தது. டிரிப்பர் என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் அடுத்த நொடியே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச். பட்டறைக்குப் போன் பண்ணினேன். அது கிராமத்துக் கரண்டுக்கு ஒத்துவராது மேடம், எலக்ட்ரீஷியனை வைத்து டைரக்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் வேலையே இதுதான் என்று அவர்களிடம் சொல்லவில்லை. எங்கோ கசிகிறது, பலகையைக் கழற்றித் தேடவேண்டும், அதுவரை ஏ.சி. கிடையாது என்று இனியாவிடம் சொல்லிவிட்டேன்.

புரட்டாசிப் புழுக்கம் அவளை வாட்டியது. தகரப் பெட்டிக்குள் இருப்பது மாதிரி இருக்கிறது என்றாள். போனில் பேச்சு கேட்கும், நெட் கிடைக்காது. பேச ஆள் இல்லை. அண்ணி ஒருநாள் வாய்க்கால் வரைக்கும் வந்து, பாப்பாவை வீட்டுக்கு அனுப்பு, பேன் கீழே படுக்கட்டும் என்று கூப்பிட்டாள். நான் இங்கேயே இருக்கட்டும் என்றேன். நாம் எதற்கு இங்கே வந்தோம், வீட்டில் ஏன் தங்கவில்லை, மாமா ஏன் நம்மோடு பேசுவதில்லை என்று இனியா அடுக்கடுக்காகக் கேட்டாள். பெரியவர்கள் விஷயம் என்றேன். அதற்கு அவள் சொன்ன ஆங்கில வார்த்தையை எழுதவேண்டாம்.

5

கேரவனைப் பதிவு செய்யும் வேலைக்காகத் திண்டிவனம் போகவேண்டியிருந்தது. காலையில் கிளம்பியவள் சாயங்காலம்தான் திரும்பினேன். ஒரு ஜன்னலில் இருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. அவர்களுக்கே இந்த வண்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று குழப்பம். சரக்கு ஏற்றுவதா, ஆள் ஏற்றுவதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, நின்றபடிக்குக் குடியிருப்பது என்றேன். அப்படியென்றால் வீட்டு வரி ஆபீசுக்குத்தான் போகவேண்டும் என்று ஒருவர் சிரித்தார்.

முகவரியில் வந்து நின்றது. உள்ளூரில் நிரந்தர முகவரி வேண்டும் என்றார்கள். கொல்லைக்குக் கதவு எண் கிடையாது. அடிலெய்டு முகவரி செல்லாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். அவங்க வீட்டைப் போடுங்க, ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறீங்க என்றார். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் இருந்தவர் ஜல்தியா எழுதும்மா என்றார். அண்ணன் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன்.

திரும்பி வந்தபோது கேரவன் ஜில்லென்று இருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இனியா போர்வையைப் போர்த்திக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஓடுகிறது என்றேன். வேலை செய்கிறது, அவ்வளவுதான் என்று கண்ணை எடுக்காமல் சொன்னாள். நாளெல்லாம் அலைந்த களைப்பு. பகலில் வோல்டேஜ் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாராவது வேலையில் என்னிடம் வந்து, பழுது தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்தக் கருவியை வார்டுக்கு அனுப்பியிருப்பேனா?

6

மறுநாள் காலையில் முதல் மழை பிடித்தது. தூறலாக ஆரம்பித்து, அரை மணியில் கொல்லை முழுக்கச் சேறு. இனியா கொடியில் கிடந்த துணியை எடுக்க வெறுங்காலோடு இறங்கிப் போனாள். நான் அடுப்புப் பக்கம் நின்று தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவள் ஏறுவதற்காகக் கதவின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தவள் ஏறவில்லை. சத்தமும் போடவில்லை. ஏன் மழையில் நிற்கிறாய் என்று கேட்டபடி திரும்பினேன். அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வாய் திறந்தபடி, கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த துணிகள் சேற்றில் விழுந்துகொண்டிருந்தன.

அவளை நோக்கித்தான் என் கால் முதலில் போனது. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த நொடியில் குறுக்கே வந்தது. தொடாதே. தொட்டால் இரண்டு பேரும் போவோம். கதவுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே மெயின் சுவிட்ச். மேடையில் கிடந்த கரண்டியை எடுத்து அதன் மரப்பிடியால் சுவிட்சை ஓங்கித் தட்டினேன். ஏ.சி. நின்றது. இனியா பின்பக்கமாகச் சேற்றில் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளே தவிர, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். பைபாஸிலிருந்து எங்கே திரும்பவேண்டும் என்று கேட்டார்கள். ஊர் பெயர் வாயில் வரவில்லை. அடிலெய்டு வீட்டுத் தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாக, அம்மா, விழுப்புரம் ஜில்லாவில் எந்த ஊர் என்று திரும்பக் கேட்டாள். அப்போதுதான் தமிழ்நாட்டில் நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

வண்டி வருவதற்குள் டிரிப்பர் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. கைக்கு ஏதோ ஒரு வேலை வேண்டியிருந்தது. டிரிப்பருக்குள் போகவேண்டிய வயர்கள் அதைத் தாண்டி ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்க்கப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுத்தமான வேலை. யாரோ நிதானமாக உட்கார்ந்து செய்தது.

இந்தக் கேரவனுக்கு எங்களைத் தவிர வந்துபோகிற ஆள் ஒருவன்தான்.

7

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளங்கையில் மட்டும் தீக்காயம், சாயங்காலம் வரைக்கும் மானிட்டரில் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். நான் வேலையில் சோதித்து அனுப்புவது மாதிரியே ஒரு மானிட்டர். அதன் கோடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிலெய்டில் இருந்த பாஸ்கருக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அழுதார். அதற்குப் பிறகுதான் டிரிப்பரைச் சொன்னேன். உங்கண்ணன் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை என்றார்.

"அவன்தான். பங்கு கேட்டதுல இருந்தே அவன் மனசுல வச்சிக்கினுதான் இருக்கான். வேணும்னேதான் பண்ணியிருக்கான்."

இனியா தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் பேசினேன்.

மதியம் அண்ணன் வந்தான். கொல்லைக்குப் பால் கொண்டு போயிருக்கிறான். திறந்து கிடந்த கதவையும் சேற்றில் கிடந்த துணிகளையும் பார்த்துவிட்டு ஊரெல்லாம் விசாரித்து வந்திருக்கிறான். வேட்டியெல்லாம் சேறு. கட்டிலண்டை வந்து இனியாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, டிரிப்பரைத் தாண்டி வயரைச் சேர்த்தது நீயா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

"ஆமா, நான்தான். நேத்து நீ திண்டிவனம் போனப்ப," என்றான். அது எதற்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்றேன். மோட்டாருக்கு அந்த மாதிரிதான் போடுவோம், ஒண்ணும் ஆனதில்லை என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு போனது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான்.

அப்போது இனியா பேசினாள். கண்ணை மூடியபடியே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, தமிழில் பேசினாள்.

"நான்தாம்மா மாமாவைக் கேட்டேன். ரொம்ப சூடா இருந்துச்சு. நான் தமிழ்ல கேட்டேன். மாமா வேணும்னே பண்ணல."

நேற்றைக்குப் பால் சொம்பை எடுக்க வந்த அண்ணனை இவளே உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். ஏ.சி.யைக் காட்டி, வேலை செய்யவில்லை மாமா, சரி பண்ண முடியுமா என்று கேட்டிருக்கிறாள். இங்கே வந்து அத்தனை நாளில் அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு. பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டதே என்று அவன் ஓடிப்போய் டேப்பும் கட்டிங் பிளேயரும் எடுத்து வந்து செய்து கொடுத்திருக்கிறான். ஏ.சி. ஓடியதும் இரண்டு பேரும் அதன் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் காற்று வாங்கினார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். அவள் வாயிலிருந்து வந்த அந்தக் கடைசி வார்த்தைகள் அண்ணன் காதிலும் விழுந்துவிட்டன.

"வேணும்னேவா?" என்றான் அண்ணன். இனியாவைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான்.

நான் மானிட்டரைப் பார்த்தேன். அவன் வெளியே போய்விட்டான். போய்விட்டான் என்றே நினைத்தேன். சாயங்காலம் இனியாவை வெளியே கூட்டி வந்தபோது ஊர் வேன் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். ஏறுங்கள் என்று கையைக் காட்டினான். வேன் நேராக அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. அண்ணி இனியாவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனாள். கேப்பைக் கூழும் மோரும் கரைத்துக் கொடுத்தாள். நான் சாப்பிடும்போது, போன்ல பேசினதையெல்லாம் நெனச்சிக்கினு இருக்காத, சாப்டு என்றாள். கேரவன் வாங்கியபோது பேசியதையா, ஆஸ்பத்திரியில் பாஸ்கரிடம் பேசியதையா என்று நான் கேட்கவில்லை.

8

மறுநாள் விடிந்ததும் நான் மட்டும் கொல்லைக்கு நடந்தேன். கம்பத்திலேயே பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, கேரவனுக்குள் போய், கையோடு கொண்டுவந்திருந்த சோதனை மீட்டரை எடுத்தேன். ஏ.சி.க்குப் போகிற வயரை ஒவ்வொரு துண்டாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். சமையல் மேடைக்கு மேலே உள்ள அலமாரியில் மீட்டர் காட்டிக் கொடுத்தது. பலகையைக் கழற்றினால், அலமாரியைப் பிடித்திருந்த ஸ்குரூ ஒன்று அளவுக்கு மேல் நீளம். வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் இறங்கியிருந்தது. ஏ.சி. ஓடும்போதெல்லாம் கேரவன் முழுக்கவும் கரண்ட் ஏறி நின்றிருக்கிறது. டிரிப்பர் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்குரூவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புது வயர் இழுத்தேன். டிரிப்பரைப் பழையபடி மாட்டினேன்.

பிறகு மீட்டர் போர்டின் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். கம்பத்தில் பழையதாகக் கிடந்த கம்பி அது. மண்ணுக்குள் போய், ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்து, ஒரே ஒரு இழையில் தொங்கியது. டிரிப்பரை விழ வைக்க அந்த இழை போதும், கசிந்த கரண்ட் முழுதாக மண்ணுக்குள் இறங்க அது போதாது. மழையில் வெறுங்காலோடு வந்த இனியாதான் அதற்கு வழியாக நின்றாள்.

அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தான். டிவிஎஸ் வண்டியில் கடப்பாரை, மண்வெட்டி, ஆளுயர இரும்புக் குழாய், ஒரு மூட்டை அடுப்புக் கரி, ஒரு மூட்டை உப்பு. எர்த் குழிக்குத் தேவையான எல்லாம். எர்த் சரியில்லாமல்தான் இப்படி ஆகியிருக்கும் என்று அவனும் யோசித்திருக்கிறான். இறக்கி வைத்தான். நான் ஸ்குரூவை எடுத்து அவனிடம் நீட்டினேன். என்ன நடந்தது என்று சொன்னேன். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருந்தாலும் டிரிப்பரக் கழட்டனது நான்தான்," என்றான்.

"நான் அப்படி நெனச்சிருக்கக் கூடாது அண்ணா."

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, எங்க தோண்டறது என்று கேட்டான்.

குழாயை ஒரு முறை இறக்கிவிட்டால் பிடுங்குவது சிரமம். கேரவனும் அதன் பக்கத்திலேயே நிற்கவேண்டியதுதான். இத்தனை நாள் வாயில் வராதது அப்போது வந்தது. நெலத்துல எந்தப் பக்கம் எனக்குன்னு சொல்லிடு, வண்டிய அங்க இழுத்துக்கினு போயிடலாம், அங்கயே குழி தோண்டிடலாம் என்றேன்.

அண்ணன் கடப்பாரையை மண்ணில் ஊன்றி, தெற்கே கை காட்டினான். "கெணத்தாண்டதான் உனுக்கு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே அப்படித்தான் நெனச்சி வச்சிருந்தேன்."

கிணற்றுப் பக்கம் நல்ல மண். தண்ணீர் பாய்வது. இந்தப் புங்கமரத்துப் பக்கம் மழையை நம்பி மல்லாட்டை போடுகிற இடம். அப்படியென்றால் நான் எழுதியதற்கு ஒரு பதில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"அதுல எழுதறதுக்கு அது இன்னா மளிகை சாமானா? நேர்ல வருவ, வூட்ல ஒக்காந்து பேசிக்கலாம்னு இருந்தேன். நீ வூட்டயே கொண்டாந்து எறக்கிட்ட."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தைக் கீழே குனிந்து பார்த்தேன்.

"அப்ப இது?"

"என் பங்கு."

"மொத நாளே சொல்லியிருக்கலாமே அண்ணா. அங்கயே வுட்டிருப்பேன்."

அவன் கடப்பாரையின் நுனியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டை விரலால் வழித்துப் போட்டான். வரப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எங்கூட்ல தங்கமாட்டேன்னுதான் இத வாங்கினு வந்த. ஆனா எம்மண்ணு மேலதான் தங்கிக்கினு இருந்த. அத எதுக்குச் சொல்லிக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

இனியா அண்ணியோடு வரப்பு மேல் வந்துகொண்டிருந்தாள். அண்ணி முன்னால் நடந்தாள். இனியா செருப்புப் போட்டிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்த்தேன். போட்டிருந்தாள்.

"இங்கயே தோண்டுண்ணா," என்றேன்.

தோண்டினான். நானும் மண் அள்ளினேன். குழாயை இறக்கி, கரி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று போட்டு, மூடி, தண்ணீர் ஊற்றினோம். டிரிப்பரை விழ வைத்துச் சோதித்தேன். விழுந்தது. ஏ.சி.யைப் போட்டேன். டிரிப்பர் விழாமல் நின்றது. ஆனாலும் கைப்பிடியை யாரும் முதலில் தொடவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, நானே பிடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அண்ணன் பிடித்தான். இனியா கடைசி வரைக்கும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. அவள் திரும்ப உள்ளே ஏறுவதற்குச் சில நாள் ஆயிற்று. அதுவரை அண்ணன் வீட்டில்தான் இருந்தோம்.

ராமேஸ்வரம் போகவில்லை. நான் கிளம்புவதற்கு முன்பே அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்தான். கிணற்றுப் பக்கம் இப்போது என் பேரில் இருக்கிறது. அதிலும் அவன்தான் நெல் போட்டிருக்கிறான். கேரவன் அவன் பங்கில் நிற்கிறது. நகர்த்தச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.